ஈயச் சிலையும் தோட்டாக் கணக்கும்

போர் வரலாறு எழுதுவோர் படைத்தலைவர் பெயரையும், களத்தின் பெயரையும், வென்றார் தோற்றார் தொகையையும் தவறாது குறிப்பர். துப்பாக்கியினின்று புறப்பட்ட குண்டு எங்கிருந்து கொணர்ந்த உலோகத்தால் ஆயது, அதனை உருக்கி வார்த்தவர் யாவர், அவ்வுலோகம் எளிய விலைக்குக் கிடைத்ததா என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலரே. 1775-இல் தொடங்கி 1783-இல் முடிவுற்ற அமெரிக்க விடுதலைப் போரில் இவ்வினாக்களுக்கு ஓரளவு தெளிவான விடை தருகின்ற ஒரு சிறு கணக்குத்தாள் நமக்குக் கிடைத்துள்ளது. அது பலராலும் எடுத்தாளப்பட்டதே. எனினும் அது கூறுவது ஒன்றாகவும், அதனைக் கொண்டு பலர் கூறுவது பிறிதொன்றாகவும் இருத்தலின், அதனை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தமிழில் ஈயம் என்பது பொதுப்பெயர். காரீயம், வெள்ளீயம் என்பன அதன் சிறப்புப் பெயர்கள். நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆயது. குண்டு வார்க்கப் பயன்படுவது காரீயம். இனிக் குண்டு வேறு, தோட்டா வேறு. குண்டு என்பது வார்த்தெடுத்த உலோக உருண்டை மட்டுமே. தோட்டா என்பது குண்டையும் அதற்கு வேண்டிய அளவு வெடிமருந்தையும் தாளிற் பொதிந்து கட்டிய பொதி. நம் மொழி தெளிவாகப் பிரித்து வழங்கும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் படித்ததே, நாம் ஆராயப் புகும் கணக்கைப் பற்றிய குழப்பத்திற்கு மூலகாரணம் என்பது பின்னர் விளங்கும்.

காரீயம் ஏறத்தாழ 327 பாகை வெப்பத்தில் உருகும். அதற்குக் கொல்லனுலை வேண்டுவதில்லை. சமையலறை அடுப்பே போதும். இரும்புக் கரண்டியில் இட்டு உருக்கி, மேலே படரும் கசட்டை வழித்தெறிந்து, இரு பாதிகளாகத் திறக்கும் அச்சில் ஊற்றி, ஆறியபின் வாயிலொட்டிய முளையைக் கத்தியால் நறுக்கிவிட்டாற் குண்டு ஆயத்தம். அச்சு இரும்பாலோ பித்தளையாலோ மாக்கல்லாலோ செய்யப்பட்டது. வேட்டைத் துப்பாக்கி வாங்குவார்க்கு அதன் குழாய்க்கு ஏற்ற அச்சினையும் உடன் கொடுத்தல் அந்நாளைய வழக்கம். ஆகவே, எல்லைப்புறத்துக் குடியானவன் வீட்டில் குண்டு வார்த்தல் நெல் குற்றுதல் போன்ற அன்றாட வேலையாக இருந்ததெனில் மிகையாகாது. செய்முறை எல்லார்க்கும் தெரிந்ததே. கிடைத்தற்கு அரியதாயிருந்தது உலோகம்.

குடியேற்ற நாடுகளுக்கு வேண்டிய காரீயத்திற் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. டார்பிசயர் முதலிய இடங்களின் சுரங்கங்கள் அவ்வளவு வளமுடையன. இறக்குமதிச் சரக்கே மலிவாயிருந்தமையின் உள்நாட்டுச் சுரங்கங்களைத் தேடித் தோண்டுவார் குறைவாயினர். 1774 அக்டோபரில் ஆங்கில அரசு வெடிமருந்து, படைக்கலம் முதலியவற்றைக் குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தலைத் தடுத்தது. அடுத்த ஆண்டிற் போரும் மூண்டது. நேற்றுவரை கடையில் வாங்கிய ஈயக்கட்டி அரும்பொருளாயிற்று.

இந்நிலையில் மக்கள் தேடிச் சென்ற இடம் சுரங்கமன்று, தம் வீடேயாகும். மேலும் கீழும் நகரும் சாளரக் கதவுகளுக்கு எதிர்ப்பாரமாகச் சுவருக்குள் தொங்கவிடப்பட்ட ஈயக் கட்டிகள், கடிகாரத்தை ஓட்டும் பாரங்கள், கூரைநீர் வடியும் தூம்புகள், மீன்வலையின் அடிக்குண்டுகள் என ஈயம் பல வடிவங்களில் இல்லங்களில் ஒளிந்திருந்தது. நியூயார்க், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களிலும் சாளரப் பாரங்கள் பொதுக்குழுக்களின் ஆணைப்படி கழற்றித் தொகுக்கப்பட்டன. பாரமாகத் தொங்குவதற்கு இரும்பும் போதும். குண்டாக வார்ப்பதற்கோ அது உதவாது. எனவே இம்மாற்றம் அறிவுடையதே. ஆயினும் இவ்வூற்று ஒருமுறையே சுரக்கும். சாளரப் பாரத்தை ஓராண்டு கழற்றியபின் மறு ஆண்டு கழற்றுவதற்கு யாதும் இராது.

பியூட்டர் எனப்படும் கலப்புலோகத் தட்டும் கிண்ணமும் அடுப்பேறின. இஃது பெரும்பாலும் வெள்ளீயம். சிறு பங்கே காரீயம். காரீயத்தின் அடர்த்தி 11.3 எனின் வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 ஆகும். ஆதலின் பியூட்டரில் வார்த்த குண்டு எடையிற் குறைந்து, தொலைவு செல்லச் செல்ல விசையிழக்கும். அக்காலப் போர்க்களங்களை அகழ்ந்தோர் இத்தகைய குண்டுகளையும் கண்டெடுத்துள்ளனர். தட்டினை உருக்கிய இல்லத்தரசி உலோக நூல் கற்றிலள். ஆயினும் வேறு வழி இல்லாமையை நன்கு கற்றிருந்தாள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிற் கிறித்துத் திருக்கோயிலின் இசைப்பேழைக் குழல்களும் இவ்வாறே குண்டாயின என்பது அக்கோயிலைப் பற்றி வழங்கும் செய்தி. அக்குழல்களும் இவ்விரு ஈயங்களின் கலப்பே.

இனிச் சிலைக்கு வருவோம். முத்திரைத்தாள் வரிச் சட்டம் 1766-இல் நீக்கப்பட்டதற்கு நன்றியாக நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிலையெடுக்க விழைந்தனர். இலண்டன் மாநகர்ச் சிற்பியாகிய ஜோசப் வில்டன் என்பார் மன்னரைக் குதிரைமேல் அமர்த்தி, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசி அனுப்பினார். 1770-இல் அச்சிலை பௌலிங் கிரீன் என்னும் திடலில் நிறுவப்பெற்றது. ஆறாண்டுகள் கழிந்தன. 1776 சூலை 9-ஆம் நாள் விடுதலைச் சாற்றுரை நியூயார்க்கில் இருந்த படையினர்க்குப் படித்துக் காட்டப்பட்டது. அன்று மாலையே படைவீரரும் நகரமாந்தரும் திரண்டு சென்று சிலையை வீழ்த்தினர். மறுநாள் வாசிங்டன் விடுத்த ஆணையில், அவர்தம் ஆர்வத்தை ஐயுறாமலே, இச்செயல் படைக்குரிய ஒழுங்கிற்கு மாறானது எனக் கடிந்துள்ளார். மாசச்சூசெட்ஸ் படையின் இளந்தலைவருள் ஒருவரான ஐசக் பேங்ஸ் தம் நாட்குறிப்பில், அவ்வீயம் துப்பாக்கிக் குண்டாக வார்க்கப்படும் எனக் கேள்வியுற்றதாக அப்பொழுதே எழுதிவைத்தார். ஆகவே குண்டு வார்க்கும் எண்ணம் பிற்காலக் கதையன்று. சிலை வீழ்ந்த நாள்களிலேயே பேசப்பட்டது.

துண்டுகள் நீர்வழியே கனெக்டிகட் கடற்கரையிலுள்ள நார்வாக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து மாட்டுவண்டிகளில் லிட்ச்ஃபீல்டு என்னும் உள்நாட்டுச் சிற்றூரை அடைந்தன என்பர். அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் எளிதில் உய்த்துணரத்தக்கது. சூலைத் தொடக்கத்திலேயே ஆங்கிலப் படை ஸ்டேட்டன் தீவில் இறங்கிவிட்டது; கடற்கரையூர்கள் கப்பற்படையின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. லிட்ச்ஃபீல்டோ மலைப்பாங்கானது. அன்றியும் விடுதலைச் சாற்றுரையிற் கையொப்பமிட்டவருள் ஒருவராகிய ஆலிவர் உல்காட்டின் இல்லம் அங்கிருந்தது. அவ்வூரில் தோட்டா செய்யப்பட்டதைக் காட்டும் கணக்குத்தாளே நாம் முன்னர்க் குறித்தது.

அக்கணக்கைக் காண்போம். மார்வின் அம்மையார் 6,058, ரூத் மார்வின் 11,592, லாரா 8,378, மேரி ஆன் 10,790, பிரடெரிக் 936, பீச் அம்மையாரின் இரு கணக்குகள் 2,002, பிறர் பலர் 2,182, அபாயக் குரல் எழுந்தபோது லிட்ச்ஃபீல்டு ஊர்ப்படைக்குக் கொடுத்தவை 50, கர்னல் விகிள்ஸ்வொர்த்தின் படைக்குக் கொடுத்தவை 300. இவற்றைக் கூட்டின் 42,288 ஆகும். பீச் அம்மையார் கணக்கில் மிகையாக ஏறிய 200-ஐக் கழிக்க, எஞ்சுவது 42,088. வரலாற்று நூல்களிலும் காட்சிச்சாலை விளக்கங்களிலும் காணப்படும் புகழ்பெற்ற எண் இதுவே. நாமும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம், பிழையில்லை.

லாரா, மேரி ஆன், பிரடெரிக் ஆகிய மூவரும் உல்காட்டின் மக்கள். 1776 கோடையில் லாராவிற்கு வயது 14, மேரி ஆனுக்கு 11, பிரடெரிக்கிற்கு 8. இம்மூவர் தொகை மட்டும் 20,104. மொத்தத்தில் இது பாதிக்குச் சிறிதே குறைவு. மார்வின் இல்லத்தார் இருவர் தொகை 17,650. ஆக, இரு இல்லங்களைச் சேர்ந்த ஐவரே இப்பணியிற் பத்தில் ஒன்பது பங்கினைச் செய்து முடித்தனர். ஊரே திரண்டு செய்தது என்று சில நூல்கள் வருணிப்பது கணக்கோடு பொருந்துமாறில்லை. ‘பிறர் பலர்’ என்ற தலைப்பின்கீழ் வருவன 2,182 மட்டுமே.

இனி, இவ்வெண்கள் எதனைக் குறிப்பன? பலரும் ‘42,088 குண்டுகள்’ என்றே எழுதுகின்றனர். தாளோ தோட்டா என்னும் பொருளுடைய சொல்லையே ஆள்கிறது. சொல்லை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் வேண்டா. கணக்கே சான்று பகர்கின்றது. ரூத் மார்வினின் தொகை இரு கூறாகத் தரப்பட்டுள்ளது: முந்தைய கணக்கில் 6,204, நீதிமன்றக் கட்டடத்திற்கு இன்னும் அனுப்பப்படாத 449 கட்டுகளில் 5,388. லாராவின் 344 கட்டுகளில் 4,128. பிரடெரிக்கின் 19 கட்டுகளில் 228. எதனை வகுத்தாலும் கட்டொன்றுக்குப் பன்னிரண்டே வருகிறது. மேரி ஆனுக்கு உரிய கட்டுகளை 119 எனச் சில அச்சுப்படிகள் காட்டுகின்றன. அவருடைய அனுப்பப்படாத தொகை 5,028 ஆதலின் கட்டுகள் 419 ஆதல் வேண்டும். முதல் இலக்கத்தை அச்சுக்கோத்தவரோ படியெடுத்தவரோ பிறழக் கொண்டனர் போலும். ஏடு படிப்போர்க்கு இத்தகைய பிழை புதிதன்று. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டிவைப்பது தாளிற் சுற்றிய தோட்டாவையே. வெறுங்குண்டாயின் எண்ணிக் கட்டுவார் இலர். எடைபோட்டுப் பையில் இடுவர்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம், அன்று. குண்டு வார்த்தல் ஒரு வேலை. தோட்டா செய்தல் மற்றொரு வேலை. குண்டின் அளவுள்ள மரக்கோலிற் தாளைச் சுருட்டி, முனையிற் குண்டை வைத்து நூலாற் கட்டி, கோலை உருவி, மருந்தை அளந்து பெய்து, வாயை மடித்து முறுக்குதல் வேண்டும். கணக்கு இவ்விரண்டாவது வேலைக்கே உரியது. எட்டு வயதுச் சிறுவனாகிய பிரடெரிக் கொதிக்கும் ஈயத்தைக் கரண்டியில் ஏந்தி நின்றான் என ஓவியர் தீட்டுவதற்கு இத்தாளில் இடமில்லை. அவன் 936 தோட்டாக்களைச் சுருட்டினான் என்பதே இதனால் பெறப்படும். ஈயத்தை உருக்கியவர் யாவர் என இத்தாள் தனித்துக் கூறவில்லை.

அன்றியும் பட்டியலின் உடலிற் சிலையைப் பற்றிய பேச்சே இல்லை. அதன் அடியில் ‘ஓ. உ.’ என்ற முதலெழுத்துகளோடு காணப்படும் ஒரு குறிப்பே இரண்டையும் இணைக்கின்றது. சிலை பெரும்பாலும் ஈயமென்றும், அக்காலத்தில் ஈயம் அருகி விலையேறியிருந்ததென்றும், எனவே அதனை உடைத்துக் காப்பான இடமாகிய லிட்ச்ஃபீல்டிற்குக் கொணர்ந்தனரென்றும், அவ்வூர்ப் பெண்டிர் அதனைத் தோட்டாக்கினரென்றும் அக்குறிப்பு கூறும். தந்தை, மகன் இருவர்க்கும் ஒரே பெயராதலின் எழுதியவர் இன்னார் என முதலெழுத்தை மட்டும் கொண்டு துணிதல் அரிது. எனினும், நடந்ததைத் திரும்பிப் பார்த்து உரைக்கும் நடை அதன்கண் உளது. குறிப்பை ஐயுறுவதற்கு நாம் காரணம் காணவில்லை. ஆனால், பட்டியல் நேர்ச்சான்று, குறிப்பு வழிச்சான்று என்னும் வேறுபாட்டை ஆராய்ச்சி மாணவர் மறத்தலாகாது.

எடையும் ஒத்து வருகின்றதா எனப் பார்ப்போம். சிலையின் ஈயம் 4,000 பவுண்டு எனப் பொதுவாகக் கூறுவர். அக்காலப் படைத்துப்பாக்கிகளுள் ஆங்கிலக் குழாய் பெரிது. பிரெஞ்சுக் குழாய் சற்றுச் சிறிது. முன்னதற்கு ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறத்தாழ 14 குண்டுகளும், பின்னதற்கு ஏறத்தாழ 18 குண்டுகளும் தேறும். இவ்வாறாயின் 42,088 தோட்டாக்களில் அடங்கிய ஈயம் 2,340 முதல் 3,010 பவுண்டு வரை ஆகும். ஏறத்தாழ 1,000 முதல் 1,660 பவுண்டு வரை கணக்கில் வரவில்லை. முழுச்சிலையும் இக்குண்டுகளாயிற்று எனும் கூற்றை இவ்வெண்கள் தாங்கா. எஞ்சியது எங்குச் சென்றது? 4,000 என்பது உள்ளிருந்த இரும்புச் சட்டத்தையும் சேர்த்துக் கூறிய எடையாக இருக்கலாம். உருக்கும்போது கசடாகச் சிறிது கழிந்திருக்கும். தோட்டாவாகச் சுற்றப்படாத குண்டுகள் வேறு இருந்திருக்கலாம். வழியிற் களவு போனதும் உண்டு; அதற்கு மண்ணே சான்று. நார்வாக்கிற்கு வடக்கே வில்டன் என்னும் ஊர் உளது. சிற்பியின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாயமைந்தது தற்செயலே. மன்னர்பால் அன்புடையோர் அவ்வூரில் வண்டிகளினின்று துண்டுகளைக் கவர்ந்து புதைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1871-இல் அவ்வூர்ச் சதுப்பு நிலத்திற் குதிரையின் வால் முதலிய துண்டுகள் வெளிப்பட்டன. தலையோ நியூயார்க்கிலேயே தனியே பிரிந்து, மன்னர் சார்பினர் கைப்பட்டு, இங்கிலாந்து சென்றது.

சிலையின் கதை சுவையுடையது, ஆதலின் வாழ்கிறது. எட்டாண்டுப் போரை நடத்தியது அவ்வீயமன்று. பல்லாயிரம் வீரர் கொண்ட படைக்கு 42,088 தோட்டா எத்தனை நாளைக்கு? வீட்டு ஈயம் முதலாண்டின் நெருக்கடியைத் தாங்கிற்று. பின்னர் சுரங்கத்தையும் பிரெஞ்சுக் கப்பலையும் நாட வேண்டியதாயிற்று. கனெக்டிகட் அரசு மிடில்டவுன் சுரங்கத்தைத் தோண்டுவித்துப் பயன் குறைவெனக் கைவிட்டது. பென்சில்வேனியாவில் டேனியல் ராபர்டோ என்னும் படைத்தலைவர் 1778-இல் மலைநடுவே கோட்டை கட்டிச் சுரங்கம் திறந்தார், அதுவும் நீடிக்கவில்லை. பயன் தந்தது வர்ஜீனியாவின் மேற்கெல்லையில், நியூ ஆற்றங்கரையில் இருந்த சிஸ்வெல் சுரங்கமே. 1750-களிற் கண்டறியப்பட்ட அச்சுரங்கத்தை மன்னர் சார்பினர் 1780-இற் கைப்பற்றச் சூழ்ந்தனர் என்பதே அதன் மதிப்பைக் காட்டும்.

அச்சுரங்கத்தில் உழைத்தவர் யாவர்? 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கில ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் மன்னர் படையிற் சேரின் விடுதலை பெறுவர் எனச் சாற்றினார். அதனை நம்பி ஓடிச் சென்று பின்னர்ப் பிடிபட்ட கறுப்பின மக்களுட் சிலரை வர்ஜீனியத் தலைவர்கள் இவ்வீயச் சுரங்கத்திற்கே அனுப்பினர். விடுதலை நாடி ஓடியவர், பிறர் விடுதலைக்கு வேண்டிய குண்டிற்கு ஈயம் வெட்டினர். லிட்ச்ஃபீல்டில் ஒரு சிறுவன் சுருட்டிய 936-உம் ஏட்டில் ஏறி நிற்கின்றது. சுரங்கத்தில் இவர்கள் ஒவ்வொருவரும் வெட்டியது இவ்வளவு எனக் காட்டும் தாள் எதனையும் வரலாற்று நூல்கள் நம்முன் வைத்தில. சிலையைப் பற்றிய நூல்கள் இச்சுரங்கத்தை ஒருவரியிற் கடப்பது நமக்கு உடன்பாடன்று.

வில்டன் நிலம் இன்னும் தன் ஈயத்தை முழுதும் தந்துவிட்டதாகத் தோன்றவில்லை. 1991-இல் மன்னர் கையின் ஒரு பகுதியெனக் கருதப்படும் துண்டொன்று அங்கு மண்ணினின்று எடுக்கப்பட்டது. முன்னர்க் கிடைத்த வால் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உளது. இத்தகைய துண்டு ஒவ்வொன்றின் எடையும் மேற்கண்ட கழித்தற் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதே.